செட்டேபெல்லோவின் முன்கதிரை

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரை நடந்துபோய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் இரண்டு நாள் உடைக்காமல் மேசையில் வைத்து அதைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். மூன்றாம் நாள் மனைவி உடைத்துப் பார்ப்பாள். குப்பை எடுக்கும் கிழமை மாறுகிறது என்று எழுதியிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அச்சடித்த காகிதம் எல்லாமே சம்மன்ஸ் மாதிரித்தான் தெரியும்.

அப்படிப்பட்டவனுடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மகள் ஒரு காகிதம் அச்சடித்துக்கொண்டு வந்தாள். சின்னக் காகிதம் இல்லை. ஒரு கதவு அளவு.

நாங்கள் இருப்பது லண்டனில், சட்டன் பக்கம். மகளும் மருமகனும் கிங்ஸ்பரியில். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் எடுத்து, எழுபது எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மகள் ஒரு நீளக் குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் கொடுத்துப் பெருப்பித்தாளாம்.

“அப்பா, கண்ணை மூடுங்கோ. ப்ளீஸ். களவாப் பாக்கக் கூடாது.”

மூடினேன். காகிதம் சரசரவென்று விரிகிற சத்தம். “இப்ப திறவுங்கோ!”

திறந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்க நான் கிடந்தேன். இருபத்தொன்பது வயது நான். மெலிந்த முகம், தடித்த மீசை, நீலச் சட்டை. ரயிலின் மூக்கு நுனியில், வளைந்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாய்வான கதிரையில் இருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு தண்டவாளம். கீழே மஞ்சள் எழுத்தில் பெரிதாக: “எங்கள் ரயில் டிரைவர் அப்பா.”

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

“இதை எங்கையிருந்து எடுத்தனீ?” என்றேன்.

“அம்மா தந்தவ. லொஃப்ட்டில இருந்ததாம், உங்கடை பழைய இத்தாலிப் பேப்பருகளோட. ஏன் இவ்வளவு நாளும் காட்டேல்லை? சூப்பரா இருக்கிறியள்.”

அந்தப் படத்தைக் கூரைக்கடியில் ஒளித்து வைத்ததே நான்தான். ஏனென்றால் நான் ரயில் டிரைவர் இல்லை. என் வாழ்க்கையில் ஒரு ரயிலையும் ஓட்டியது கிடையாது. அந்த ரயிலைத் துடைத்தவன்.

இதை விளங்கப்படுத்துவதற்கு அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் அதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு எப்போதும் ஆசை. சொல்லத்தான் முடியாமல் இருந்தது.

அதன் பெயர் செட்டேபெல்லோ. போர் முடிந்து, பாலமும் தண்டவாளமும் உடைந்து கிடந்த இத்தாலி எழும்பத் தொடங்கிய ஐம்பதுகளில் அதைக் கட்டினார்கள். மின்சாரத்தில் ஓடுவது. ஏழு பெட்டி. மிலானில் இருந்து ரோமுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். பணக்காரர்களின் ரயில். முதல் வகுப்பு மட்டும்தான், அதற்கு மேலேயும் காசு கட்ட வேண்டும். உள்ளே ஆட்களை வரிசை வரிசையாக அடுக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு அறையும் ஒரு வீட்டு ஹோல் மாதிரி: சோபா, தனிக் கதிரைகள், சின்ன மேசை. பெரிய பெட்டிகளை வைக்க வேறு இடம் இருந்ததால், தலைக்கு மேல் சூட்கேஸ் தொங்காது. சாப்பாட்டுக்கு என்று தனிப் பெட்டி, அதற்கு வெள்ளை மேசைத்துணி. வெளியில் மங்கிய சாம்பல் பச்சையும் கரும்பச்சையும் பூசியிருந்தார்கள். வீடுகளும் கட்டடங்களும் வடிவமைக்கிறவர்களைக் கூப்பிட்டுத்தான் உள்ளே வேலை செய்வித்தார்களாம். இதெல்லாம் நான் லண்டன் வந்த பிறகு லைப்ரரிக்காரப் பெண்ணைக் கொண்டு கம்ப்யூட்டரில் தேடி வாசிப்பித்து அறிந்தவை. அங்கே வேலை செய்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், சோபாக் கால்களுக்கு இடையில் தும்புத்தடி போகாது என்பதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விசேஷம் அதன் முகம். மற்ற ரயிலில் முன்னுக்கு டிரைவர் இருப்பார். இதில் டிரைவரைத் தூக்கிக் கூரைக்கு மேல் ஒரு சின்னக் கூண்டில் வைத்துவிட்டார்கள். அவர் ஒரு ஏணியால் ஏறிப் போக வேண்டும். கீழே, முன்னுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினொரு கதிரை. அதில் பயணிகள் இருப்பார்கள். தண்டவாளம் ஓடி வந்து கால்மாட்டில் புகுகிறதைப் பார்த்துக்கொண்டு போகலாம். முகம் இரண்டு பக்கமும் இருந்தது, போகும்போது ஒன்று, வரும்போது மற்றது.

நான் ரோமில் போய்ச் சேர்ந்தபோது அதன் ராசகாலம் முடிந்துவிட்டது. தினசரி ஓட்டம் வேறு ரயில்களுக்குப் போய்விட்டது. எப்போதாவது விசேஷப் பயணத்துக்கு எடுப்பார்கள். மற்ற நாளில் யார்ட்டில் நிற்கும். நிற்கிற ரயிலையும் துடைக்கத்தான் வேண்டும். துப்புரவு வேலை எடுத்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் நானும் இன்னும் நாலு பேரும் நின்றோம். மற்ற ரயில்களில் நாங்கள் வாளி நிறையக் குப்பை அள்ளுவோம். செட்டேபெல்லோவுக்குள் போகும்போது மட்டும் எல்லோரும் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. கோயில் படியில் ஏறும்போது யார் சொல்லித் தருகிறார்கள்?

பெயரின் அர்த்தம் எனக்குச் சீட்டாட்டத்தில்தான் தெரியவந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட வேலை செய்தவர்கள் கவிழ்த்த வாளிக்கு மேல் பலகை வைத்துச் சீட்டு விளையாடுவார்கள். அவர்களுடைய சீட்டுக்கட்டில் நாங்கள் ரூவிதன், ஸ்கோப்பன் என்கிற டைமனும் ஸ்பேடும் இல்லை. நாணயம், கிண்ணம், வாள், தடி. நான் எங்கள் முந்நூற்றி நாலு விளையாடி வளர்ந்தவன். எங்கள் ஆட்டத்தில் ஏழுக்கு மதிப்பே இல்லை. பூச்சியம். கையில் ஏழு வந்தால் எப்போது கழிப்போம் என்று பார்ப்போம். முதல் நாள் என்னையும் இருத்தினார்கள். கையில் நாணயம் ஏழு வந்தது. பழக்கதோசத்தில் அதைத்தான் முதலில் தூக்கிப் போட்டேன்.

என்னோடு ஜோடி சேர்ந்திருந்தவள் நேப்பிள்ஸ்காரி, என்னைவிடப் பதினைந்து வயது கூடியவள். தலையில் கையை வைத்துக் கத்தினாள். மற்றவர்கள் சிரித்துப் புரண்டார்கள். அந்த ஆட்டத்தில் ஆகப் பெரிய சீட்டு அதுதானாம். அதன் பெயர்தான் செட்டேபெல்லோ, அழகான ஏழு. ஏழு பெட்டி ரயிலுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். “ராசாவைக் குப்பையில் போட்டவன்” என்று ஒரு மாதம் என்னைக் கூப்பிட்டாள்.

படம் எடுத்ததும் அவள்தான். மகன் வாங்கிக் கொடுத்த கமராவை ஒரு நாள் வேலைக்குக் கொண்டுவந்தாள். முன்கண்ணாடியை நான் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். “போய் இரு, ஊருக்கு அனுப்பு” என்றாள். வேலைக்காரர் கதிரையில் இருக்கக் கூடாது. மாட்டேன் என்றேன். “நீ இருந்தால் கதிரை உடைந்துவிடுமா? சாப்பாடு இல்லாமல் உன்னில் என்ன பாரம் இருக்கிறது?” என்றாள். இருந்தேன். ஒரு நிமிடம் இருக்காது. முதுகு கதிரையில் படவில்லை, அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம். யாராவது வந்துவிடுவார்களோ என்று காது முழுக்க வாசலில் கிடந்தது.

படத்தை ஊருக்கு அனுப்பி, அம்மாவுக்கு இரண்டு வரி எழுதினேன். “நான் இந்த ரயிலில்தான் வேலை செய்கிறேன். சுகமாக இருக்கிறேன்.” இரண்டில் ஒரு பொய்யும் இல்லை.

எங்கள் ஆட்களின் கலியாணம் அந்த நாளில் படத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை ஒரு நாட்டில், பெண் ஒரு நாட்டில், நடுவில் தரகரின் கைப்பை. அம்மா கொடுத்த படத்தைப் பார்த்த தரகருக்கு வேறு என்ன யோசனை வரும்? ரயிலின் ஆக முன்னுக்கு இருக்கிறான். நீலச் சட்டை போட்டிருக்கிறான். முன்னால் தண்டவாளம் தெரிகிறது. எங்கள் ஊர் யாழ்தேவி ரயிலில் முன்னுக்கு இருக்கிறவர் யார்? டிரைவர். அவ்வளவுதான். உலகத்திலேயே முன்னுக்குப் பயணி இருக்கிற ரயில் ஒன்று உண்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

பேச்சுக்கால் பொருந்தி எல்லாம் முடிந்த பிறகு மாமனாரின் கடிதம் வந்தது. “ரயில் ஓட்டுகிற மருமகன் கிடைத்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.” அந்த வரியை வாசித்த அன்றைக்கே பதில் எழுதினேன். “மன்னிக்க வேண்டும், நான் டிரைவர் இல்லை, கிளீனர்.” தபால்பெட்டி வரை கொண்டுபோனேன். திரும்பிக் கொண்டுவந்தேன். அப்படி மூன்று கடிதம். மூன்றாவதில் முத்திரைகூட ஒட்டியிருந்தேன்.

மனைவி வந்து சேர இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் செட்டேபெல்லோவை ஓட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள், எங்கள் கொந்தராத்தும் முடிந்துவிட்டது. அவள் வந்தபோது நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். “ரயிலை நிப்பாட்டிப் போட்டாங்கள். வேலையும் போச்சு” என்றேன். “ஓம், பரவாயில்லை” என்றாள். அதுவும் பொய் இல்லை. உண்மையான செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி ஒரு பொய்வீடு கட்டினேன். அதற்குள் முப்பத்து மூன்று வருடம் குடியிருந்தேன். அதற்குப் பிறகு இத்தாலியக் குடியுரிமை கிடைத்து, லண்டன் வந்து, கடை, களஞ்சியம், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு என்று காலம் போனது. யாராவது இத்தாலியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “ரயில் வேலை” என்று சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன்.

அப்படியே கடைசிவரை போயிருக்கும். மகள் போய் ஒரு ரயில் டிரைவரை விரும்பினாள்.

லண்டனில் ஆயிரம் வேலை இருக்கிறது. கணக்காளர் இல்லையா, மருந்துக்கடைக்காரர் இல்லையா? உண்மையான டிரைவர். சோதனை பாஸ் பண்ணி, சீருடை போட்டு, சிக்னல் பார்த்து ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தபோது, பெண்ணின் தகப்பனும் இத்தாலியில் ரயில் ஓட்டினவர் என்றதும் முகம் எல்லாம் மலர்ந்தது. மருமகன் எழும்பி எனக்குக் கை தந்தார். பிரேக் பிடித்துப் பழகிய கை. கோப்பை கழுவிய கையை அதற்குள் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மூன்று வருடம். நல்ல பிள்ளை, அதுதான் பிரச்சினை. வந்தால் மற்ற வீட்டு மருமகன்மாரைப் போல போனை நோண்டிக்கொண்டு இருக்க மாட்டார். எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பார்.

“மாமா, இலையுதிர் காலத்தில தண்டவாளத்தில இலை விழுந்து வழுக்குமே, அங்கை என்ன செய்யிறனீங்கள்?”

“அது... கவனமாத்தான் போக வேணும்.”

“மாமா, அந்த ரயில் பிரேக் எப்பிடி? நேரத்துக்குப் பிடிக்குமோ?”

“அது அந்த அந்த ரயிலைப் பொறுத்தது, தம்பி.”

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். நான் தேத்தண்ணீர் போட எழும்புவேன். ஒரு பின்னேரத்தில் நாலு தேத்தண்ணீர்.

இப்போது விளங்கியிருக்கும், மேசையில் விரிந்து கிடந்த படத்தைப் பார்த்து எனக்கு ஏன் வேர்த்தது என்று. மனைவிக்கும் மகளுக்கும் அது டிரைவர் இருக்கிற முன்கதிரை. ஒரு உண்மையான டிரைவருக்கு? ஒரு கைப்பிடி இல்லை, ஒரு மானி இல்லை, ஒரு பொத்தான் இல்லை. மீசை வைத்த ஒருவன் வெறும் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறான். சனிக்கிழமை மருமகனின் டிப்போக் கூட்டாளிகள் ஐந்து பேரும் வருகிறார்களாம், “மாமாவைச் சந்திக்க.” அவர்கள் சிரிப்பார்கள். அதைக்கூடத் தாங்கலாம். அந்தப் பிள்ளை சிரிக்காமல் என்னைப் பார்த்தால்? அதைவிட, முப்பத்து மூன்று வருடம் ஒரு டிரைவரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி, எண்பது பேருக்கு நடுவில் அதை அறிந்தால்?

மகள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் மனைவிக்கு வேலை இல்லை. குசினியில் வடைக்குப் பருப்பு ஊறப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் வாசலில் போய் நின்றேன். உள்ளே போனேன். திரும்பி வாசலுக்கு வந்தேன்.

“என்னப்பா, பூனை மாதிரி வாறியள் போறியள்? காஸ் நிப்பாட்டித்தான் இருக்கு.”

“உம்மோட ஒரு கதை.”

“சொல்லுங்கோ.”

“அந்தப் படம் மண்டபத்துக்கு வேண்டாம்.”

“ஏன்? வடிவாத்தானே இருக்கிறியள். இப்ப அந்த மீசையும் இல்லை.”

“நான்... நான் டிரைவர் இல்லை.” சொல்லிவிட்டேன்.  “அந்த ரயிலைக் கூட்டித் துடைச்சனான். தரகர் பிழையா விளங்கிப்போட்டார். நான் கடிதம் எழுதினனான், போடேல்லை. மூண்டு கடிதம்.”

அவள் பருப்பில் மிதந்த கோதை வழித்து எறிந்தாள். திரும்பவும் தண்ணீர் விட்டாள்.

“ஓம்” என்றாள்.

“என்ன ஓம்?”

“கிளீனர் எண்டு தெரியும்.”

“எப்ப தொடக்கம்?”

“படம் வந்த அண்டைக்கே தெரியும்.”

 அவள் கையைத் துடைத்துவிட்டு என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படம் இன்னும் அங்கேயே விரிந்து கிடந்தது. அதில் என் தொடைக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இது என்ன?”

குனிந்து பார்த்தேன். கதிரைக்கும் என் காற்சட்டைக்கும் இடையில் ஒரு வெள்ளைக் கரை. அந்தச் சின்னப் படத்தில் அது ஒரு கோடு. இந்தப் பெரிய படத்தில் எழுத்துக்கூடத் தெரிந்தது. இத்தாலியப் பத்திரிகை. கதிரையில் ஊத்தை படக் கூடாதென்று, கண்ணாடி துடைக்க வைத்திருந்த பத்திரிகையில் ஒன்றை விரித்துவிட்டு அதற்கு மேல் இருந்திருக்கிறேன். எனக்கு அது மறந்தே போய்விட்டது. இத்தனை வருடமும் அந்தப் படத்தை எடுக்கும்போதெல்லாம் பயத்தில் உடனே திருப்பி வைத்தேனே ஒழிய, ஒரு நாளாவது உற்றுப் பார்க்கவில்லை.

“எந்த டிரைவர் தன்ரை கதிரையில பேப்பர் விரிச்சுப்போட்டு இருப்பான்?” என்றாள். “அதுவும் நுனியில. நானும் அக்காவும் இதைப் பாத்து ரெண்டு நாள் சிரிச்சனாங்கள். அக்கா சொன்னவ, உன்ரை டிரைவர் பிரேக் பிடிச்சா விழுந்துபோவார் எண்டு.”

“அப்ப ஏன் ஓம் எண்டனீர்?”

“அதுக்காகத்தான்.”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

“எனக்கு வந்த படங்களில மற்ற ரெண்டு பேரும் ஆரின்ரையோ காரில சாஞ்சுகொண்டு நிண்டவை. நீங்கள் ஒராள்தான் ஆரின்ரையோ கதிரை ஊத்தையாப் போகும் எண்டு பயந்தனீங்கள். இந்த மனுசன் என்னையும் அப்பிடித்தான் வைச்சிருப்பார் எண்டு நினைச்சன்.” பிறகு, “அப்பாட்டை நான் சொல்லேல்லை. அவருக்கு ரயில் எண்டா விருப்பம். இருக்கட்டும் எண்டு விட்டன்.”

“எனக்காவது சொல்லியிருக்கலாமே. முப்பத்து மூண்டு வருஷம்!”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். முதல் ஒரு வருஷம் பாத்தன். பிறகு பிள்ளை பிறந்தாள், மறந்துபோச்சு. ஞாபகம் வைச்சிருக்க அதில என்ன கிடக்கு?”

நான் ஒவ்வொரு நாளும் ஞாபகம் வைத்திருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் இடமில்லாமல் சிரிப்பு வந்தது. அவள் இழுப்பறையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து, கீழே இருந்த மஞ்சள் எழுத்து வரியை மட்டும் நேராக வெட்டி எடுத்தாள். கோணாமல் வெட்டினாள். பிறகு, “மருமகனுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும். அதை நான் செய்ய ஏலாது” என்று சொல்லிவிட்டுப் பருப்புக்குப் போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்குப் புதுப் பயம். ஆனால் பழைய பயத்தின் பாரம் அதற்கு இல்லை. ஒரு காலில் முள் எடுத்தவன் மற்றக் காலை நீட்டுகிற மாதிரி.

சனிக்கிழமை மண்டபத்தில் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மகள், “அம்மா, ஏன் வெட்டினீங்கள்? அது டிசைன்!” என்று கத்திக்கொண்டிருந்தாள். ஆட்கள் வரத் தொடங்கவில்லை. மருமகன் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணை ஓடவிட்டு, முன்னால் எதையோ தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, அங்கை ஒண்டும் இல்லை. டிரைவர் மேல. கூரையில ஒரு கூண்டு, ஏணியால ஏற வேணும். இது பயணிகளின்ரை இடம்.”

“ஓ. அப்ப நீங்கள் மேலையோ இருந்தனீங்கள்?”

“நான் மேலையும் இல்லை. நான் அந்த ரயிலில கிளீனர். ஒரு நாளும் ஓட்டினதில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நான் பயந்தது இந்தப் பார்வையைத்தான்.

“அப்ப மாமா,” என்றார் மெதுவாக, “நான் மூண்டு வருஷமா பிரேக் எப்பிடி எண்டு கேட்டது?”

“கேட்டனீங்கள்.”

“நீங்கள், அது அந்த அந்த ரயிலைப் பொறுத்தது எண்டு சொன்னது?”

“அது பிழையான பதிலோ?”

“இல்லை. சரியான பதில்.” அவர் வாய் கோணத் தொடங்கியது. “நான் அதை டிப்போவில போய்ச் சொன்னனான். மாமா பழைய ஆள், ஒரு வசனத்திலயே முடிச்சுப்போட்டார் எண்டு. புதுசா வாற பொடியளுக்கு இப்பவும் அதைத்தான் சொல்லுறாங்கள்.”

அதற்குப் பிறகு அவரால் அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் பிடித்துக்கொண்டது. மகள் வந்து, “வட் ஹாப்பண்ட்?” என்றாள். “உன்ரை அப்பா ஒரு கள்ளன்” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. என்னை அப்படிச் சொல்லியும் எனக்கு நோகவில்லை. சொன்ன விதம் அப்படி.

சிரிப்பு அடங்கிய பிறகு படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடியில் விரலை வைத்து வளைவைத் தடவினார். நாள் முழுக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பிழைக்கிறவர் அவர்.

“மாமா, இவ்வளவு பெரிய வளைஞ்ச கண்ணாடி. ஒரு கோடு இல்லை, ஒரு தீற்றல் இல்லை. எங்கடை கண்ணாடியில வெயில் பட்டா ஒண்டும் தெரியாது. இதை எப்பிடித் துடைச்சனீங்கள்?”

மூன்று வருடத்தில் அவர் கேட்டவற்றில் எனக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி.

அந்த ரயில்கள் மூன்றுதான் இருந்தன. இரண்டை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். மிஞ்சிய ஒன்று வருடக்கணக்காக வெளியில் மழையில் நின்றது, கண்ணாடியை எல்லாம் கல்லெறிந்து உடைத்தார்கள் என்று வாசித்தேன். இப்போது அதைத் திருத்தத் தொடங்கியிருக்கிறார்களாம். யார் செய்தாலும் அவர்களுக்குப் புண்ணியம். என்னைக் கதிரையில் இருத்திய நேப்பிள்ஸ்காரிக்கும், ஒன்றும் தெரியாமல் என்னை உயர்த்திவிட்ட தரகருக்கும், பத்திரிகைக் கரையைக் கண்டுபிடித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தவளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாது. படிக்காதவன். துடைக்கிறது எப்படி என்று தெரியும். அதைச் சொன்னேன்.

“முதல்ல, ரயில் நிழலில நிக்க வேணும் தம்பி. சூடான கண்ணாடியில தண்ணி பட்டா உடன காயும், கோடு விழும். பூச்சி எல்லாம் வெளிப் பக்கத்தில காஞ்சு ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியைப் பத்து நிமிஷம் அதில போட்டு வைக்க வேணும், காயத்துக்குப் பத்துப் போடுற மாதிரி. பிறகு வினாகிரித் தண்ணி. பிறகு பேப்பர். பேப்பர் எண்டா நேற்றைய பேப்பர், இண்டைக்கு வந்தது மை விடும். வளைவில குறுக்கை துடைக்கக் கூடாது. மேலையிருந்து கீழ, ஒரே இழுவை...”

டிப்போக் கூட்டாளிகள் வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. மனைவி மேடையில் இருந்து கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, சனம் எல்லாம் வந்திட்டுது! கேக் வெட்ட வாங்கோ!”

“பொறுங்கோ மாமி,” என்றார் மருமகன், திரும்பாமல். “இன்னும் ஒரு பக்கக் கண்ணாடிதான் முடிஞ்சிருக்கு. மற்ற முகம் கிடக்கு.”